முத்திருளன் பிடித்த ஏழு எலிகள்

"அரிசி மூட்டையில ஓட்டை. பருப்பு டின்னுல புழுக்கை. எம் பட்டுச்சேலை முந்தானை சல்லடை. இந்த வீட்டுல நான் இருக்கணுமா, எலி இருக்கணுமா? இன்னைக்கே முடிவு சொல்லுங்க!"

ஒரு கை இடுப்பிலும் மறு கை தோசைத் திருப்பியிலுமாக நின்றாள் ஜெயக்கொடி. முடிவு சொல்லவேண்டியவர் அவள் கணவர் முத்திருளன், தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. 'ரெண்டு பேருமே இருக்கலாமே' என்று வாய் திறந்தவர், தோசைத் திருப்பியைப் பார்த்ததும் அதைக் கொட்டாவியாக மாற்றிக்கொண்டார்.

"கொட்டாவியா விடுறீக? சரி. உசிலம்பட்டியில இருந்து எங்கண்ணனை வரச் சொல்றேன். வளைக்குள்ள கைய விட்டே எலி பிடிக்கிறவுக."

முத்திருளனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எலி அரிசியைத்தான் தின்னும். மச்சான் விருமாண்டி ஆளையே தின்றுவிடுவார். போன தடவை ரெண்டு நாள் என்று வந்தவர் இருபத்திரண்டு நாள் இருந்தார். கட்டிலில் அவர், தரையில் இவர். "மாப்ள, ஆம்பளைன்னா..." என்று தொடங்கும் புத்திமதி, மூன்று வேளையும், சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும்.

"ஒரு எலிக்கு உசிலம்பட்டியில இருந்து ஆளா? நானே பிடிக்கிறேன்! பத்து எலி பிடிச்சுட்டா உங்கண்ணன் வரக்கூடாது. சம்மதமா?"

"பத்தா? நீங்களா?" ஜெயக்கொடி சிரிப்பை முந்தானையால் பொத்திக்கொண்டாள். "சரி, பிடிங்க."

விளக்குத்தூண் கடைத்தெருவுக்குப் போய்க் கம்பிக் கூண்டு வாங்கி, மசால் வடை மாட்டி வைத்தார். மறுநாள் காலை உள்ளே எலி!

ஆண்பிள்ளைகளின் வீரம் கூண்டு வாங்குவதோடு சரி. கூண்டோடு வாளித் தண்ணீரில் முக்கச் சொன்னார்கள் அக்கம்பக்கத்தார். முத்திருளன் குனிந்து பார்த்தார். எலி முன்கால் இரண்டையும் சேர்த்துக்கொண்டு, மீசை நடுங்க, தாசில்தார் முன்னால் இவர் நிற்பதுபோலவே நின்றது. அவ்வளவுதான், மனசு இளகிவிட்டது.

"குளிச்சுட்டு வந்து, வைகை ஆத்துக்கு அங்கிட்டு விட்டுட்டு வாரேன்" என்றார்.

கிளம்பும்போது அதன் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லாமல் கூண்டின்மேல் துண்டைப் போட்டு மூடி, சைக்கிளில் மாட்டினார். வீடிருக்கும் ஜெய்ஹிந்துபுரத்தில் இருந்து வைகைக்கு எம்புட்டுத் தூரம்! தெருமுனை டீக்கடையோடு கால் நின்றுவிட்டது. கடைக்குப் பின்னால் முள்ளுக்காடு. முகத்தைத் திருப்பிக்கொண்டு கூண்டைத் திறந்தார். அரை மணி நேரம் டீ குடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து மூச்சு வாங்கினார்.

"அப்பாடா, என்னா வெயிலு!"

தினமும் இதே கதை. ஒரு வடை, ஒரு எலி, ஒரு துண்டு, ஒரு டீ. ஏழாம் நாள் காலையும் எலியைப் பார்க்காமலே துண்டைப் போட்டுவிட்டு நெஞ்சை நிமிர்த்தினார்.

"ஏழு ஆச்சுடி! இன்னும் மூணுதான்!"

ஜெயக்கொடி துண்டை உருவினாள். கம்பிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த வால், செக்கச்செவேல் என்று இருந்தது.

"ஐயையோ, ரத்தமா?"

"பெயிண்டு. மாட்டுப்பொங்கலுக்கு எங்கண்ணன் வீட்டுல கொம்புக்கு அடிச்சதுல மிச்சம். முத நாளு நீங்க குளிக்கையில வாலுக்கு ஒரு இழுப்பு இழுத்து வச்சேன். ஏழு நாளும் வந்தது இவருதான். வடையத் தின்னுட்டு, சைக்கிள்ல சவாரி போயிட்டு, குறுக்குச் சந்துல உங்களுக்கு முந்தி வீடு வந்து சேந்துடுறாரு."

"அதே மாதிரி வாலு செவந்த வேற எலி..."

"ஆமா, அலங்காநல்லூர் வாடிவாசலுக்குப் போற எலி!"

முத்திருளன் தலையைச் சொறிந்தார். "சரி, தோத்துட்டேன். ஆனா உங்கண்ணனுக்குக் கடுதாசி எழுத என்ன அவசரம்? அடுத்த மாசம் எழுதுவமே."

"கடுதாசியா? அது நீங்க கூண்டு வாங்கப் போன அன்னைக்கே தபால் பெட்டியில விழுந்தாச்சு."

வாசலில் செருப்புச் சத்தம். சுருட்டிய மெத்தை முதலில் நுழைந்தது; பின்னாலேயே விருமாண்டி.

"என்னா மாப்ள, எலிக்கெல்லாம் நம்ம வீட்டுக் கலரு அடிச்சிருக்கீக!"

அண்ணனும் தங்கையும் அடுப்படிக்குப் போய்விட்டார்கள். தோசை சுர்ரென்றது. ஊர்க்கதை தொடங்கியது. முத்திருளன் கூண்டைக் கையில் பிடித்தபடி அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஏம்ப்பா, யாராச்சும் என்னையக் கொண்டுபோய் வைகைக்கு அங்கிட்டு விட்டுட்டு வாங்களேன்!"