துக்கக் கூட்டத்தில் பர்லெஸ்க்

எனக்கு டேவிட்டைக் கண்டால் ஆகாது. என்னைவிட நன்றாக வயலின் வாசித்தான் என்பதைத் தவிர அவன் ஒரு குற்றமும் செய்யவில்லை.

யுத்த காலம். பொம்மிடி ஸ்டேஷனில் நான் டிக்கெட் கிளார்க், அவன் பார்சல் கிளார்க். குவார்ட்டர்ஸில் பக்கத்து வீடு. நான் கீர்த்தனை ஆரம்பித்தால் ஜன்னல்கள் சாத்தப்படும். அவன் இங்கிலீஷ் நோட்டு வாசித்தால் அதே ஜன்னல்கள் திறக்கும். (முதலில் திறப்பது என் சம்சாரம்!)

அவன் அடிக்கடி வாசித்த ஒன்றைச் சுவர் வழியாகக் கேட்டே பாடம் பண்ணினேன். அவன் தாளில் ‘பர்லெஸ்க்’ என்று தலைப்புப் போட்டிருந்தது. அர்த்தம் கேட்டால் அவன் பெரிய மனுஷனாகிவிடுவானே! ‘பரியல்’ என்றால் பிணத்தைப் புதைப்பது. ஆகவே இது சாவுப் பாட்டு என்று நானே முடிவு கட்டினேன். (மெட்ரிக் பாஸ் செய்த திமிர்.)

ரிட்டயரான ரயில் கார்டு ஆரோக்கியம் இறந்துபோனார். இரங்கல் கூட்டத்தில் டேவிட்டைத்தான் வாசிக்கச் சொன்னார்கள். நான் முந்திக்கொண்டு எழுந்து, “பர்லெஸ்க் வாசிக்கிறேன். மனசைத் திடப்படுத்திக்குங்க” என்றேன்.

டேவிட் பதறினான். “சார், அது வேணாங்க!”

‘வயிற்றெரிச்சல்’ என்று நினைத்துக்கொண்டு வில்லை எடுத்தேன்.

எவ்வளவு இழுத்து வாசித்தும் அந்த மெட்டு துள்ளியது. நடுவில் கழுதை கத்துவதுபோல ஓர் இடம். அதையும் உருக்கமாகக் கண்ணை மூடி வாசித்தேன். யாரோ களுக்கென்றார்கள். பிறகு கூட்டமே குலுங்கியது.

டேவிட் என் காதில் சொன்னான்: “இத்தாலி பாஷையில பர்லான்னா கேலிங்க. அதுலருந்து வந்த பேரு. பெரிய சங்கதிய வேணும்னே கோணங்கித்தனமா வாசிக்கிறதுங்க.”

நான் அவசரமாக வயலினைப் பெட்டிக்குள் வைத்தேன். கார்டின் மனைவி ஸ்டெல்லாம்மா எழுந்து வந்தார். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

“மூணு நாளா அழுதுட்டே இருந்தேங்க. அவருக்குச் சிரிப்புன்னா உசுரு. இத வாசிக்கணும்னு யாருக்குத் தோணுச்சு?”

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்: “டேவிட் தம்பி சொல்லிக் குடுத்திருக்கும். அதுக்குத்தான் அந்த ஞானம்.”

டேவிட் மறுத்தான். அடக்கம் என்று அதற்கும் பாராட்டினார்கள்!

இன்றைக்கும் தெரிந்தவர் யாராவது தவறிவிட்டதாகச் சேதி வந்தால், என் சம்சாரம் முதலில் வயலின் பெட்டியைப் பூட்டுவாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்ட பிறகுதான் அழ ஆரம்பிப்பாள்.