நான் அழுதுகாட்டிய ஞாயிற்றுக்கிழமை

பொறாமை வந்தால் வயிறு எரியும் என்பார்கள். எனக்குக் கண் எரிந்தது. அதுவும் இரண்டு கண்ணும், தாராவிக்கே தெரியும்படி.

எங்கள் ஊர்க்காரர்கள் தாராவியில் நடத்தும் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் நான் வாத்தியார். (மற்ற நாட்களில் செம்பூரில் குமாஸ்தா.) பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுவார்கள், தெருவில் இந்தி பேசுவார்கள், எழுத்தைக் காட்டினால் என் முகத்தைப் பார்ப்பார்கள். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் செல்வராணி டீச்சரின் வகுப்பு. அங்கே எப்போதும் சிரிப்புச் சத்தம். என் வகுப்பில் மின்விசிறிச் சத்தம். இதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் என் சொந்த மகள் அபி ஒருநாள் பையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, "டீச்சர் கிளாஸ் மஸ்தா இருக்குப்பா" என்றாள். மஸ்த் என்றால் இங்கே ஜாலி. அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த நேரத்தில்தான் சென்னையிலிருந்து நளினி வந்தார். மொழி சொல்லிக்கொடுப்பவர்களுக்கு வகுப்பில் என்னென்ன உணர்ச்சிகள் வருகின்றன என்பது அவருடைய ஆராய்ச்சி. (இதற்கெல்லாம் முனைவர் பட்டம் உண்டு என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.) எங்களில் ஒருவரைச் சென்னைக் கருத்தரங்கில் பேச அழைத்துப்போவதாகச் சொன்னார். அன்றே என் வெள்ளைச் சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டேன்.

வகுப்பு முடிந்ததும், "இன்னைக்கு என்ன உணர்ந்தீங்க சார்?" என்று கேட்பார். யோசித்துப் பார்த்துவிட்டு, பசித்தது என்றேன். அவர் பேனாவை மூடிவிட்டார். செல்வராணி டீச்சரோ, ஒரு குழந்தை ஒரு வரி படித்துவிட்டால் போதும், பொலபொலவென்று அழுதுவிடுவார். அங்கே பேனா நிற்காமல் ஓடும். இரண்டு வாரத்தில் நளினி நிரந்தரமாகத் தடுப்புக்கு அந்தப் பக்கம் குடியேறிவிட்டார். மகளும் அங்கே, ஆராய்ச்சியும் அங்கே, சென்னை மேடையும் அங்கேதான் போய்க்கொண்டிருந்தது.

அழுதால்தான் பேனா திறக்கும் என்றால் நானும் அழுகிறேன் என்று முடிவுசெய்தேன். அடுத்த ஞாயிறு, மனைவியின் தலைவலித் தைல டப்பாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். நளினியை என் வகுப்புக்கு வற்புறுத்தி அழைத்தேன். ஒரு சிறுமி ஒரு வரியைத் தட்டுத்தடுமாறிப் படித்து முடித்தாள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி, கண்ணுக்கடியில் தைலத்தைத் தடவினேன். ஒரு துளி போதும் என்று டப்பாவில் யாரும் எழுதியிருக்கவில்லை. புழுக்கத்தில் வியர்வை வேறு. தைலம் நேராகக் கண்ணுக்குள் இறங்கியது.

திரும்பியபோது எனக்கு எதுவும் தெரியவில்லை. கண்ணீரும் மூக்கும் சேர்ந்து ஊற்ற, மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "சார் ரோ ரஹே ஹை" என்று நான் அழுவதை இந்தியில் அறிவித்தபடி பிள்ளைகள் ஓடினார்கள். வெளியே காத்திருந்த தாய்மார்கள் உள்ளே வந்தார்கள். எங்கள் பக்கத்தில் அழுகிற ஆம்பிளையிடம் யார் போனது என்று கேட்கமாட்டார்கள். அவன் வாயால் சொல்லவைப்பது பாவம் என்று அவர்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள். போன மாதம் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்ததை நானே சொல்லியிருந்தேன். அது போதுமானதாக இருந்தது.

அப்போதே நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் பக்கத்தில் பேனா ஓடும் சத்தம் கேட்டது. முதல்முறையாக எனக்காக ஓடிய பேனா. வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டு பேர் என் கையைப் பிடித்து வீட்டுக்கு நடத்திவந்தார்கள். செய்தி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. வாசலில் செருப்புகள் காலில் இடறின. துக்க வீட்டில் கவிச்சி கூடாது என்று யாரோ சுர்மை மீன் குழம்பைச் சட்டியோடு எடுத்துப்போய்விட்டார்கள். (சட்டி திரும்பி வந்தது.) என் மனைவி, "தங்கமான மாமா" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அந்த வார்த்தையை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் தாதரிலிருந்து கிளம்பும் வண்டியில் தட்கல் டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். செல்வராணி டீச்சர் அபியை மடியில் வைத்துக்கொண்டு தேம்பினார். அங்கேயும் என்னைவிட நன்றாகவே அழுதார்.

அப்போது என் போன் அடித்தது. ஞாயிறு மதியம் வழக்கமாக அழைப்பவர்தான். பக்கத்து வீட்டுக்காரர் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏல முருகேசா, அங்க என்னல சத்தம்? யாரு போயிட்டா?" என்றார் அப்பா.

எல்லோரும் என் பக்கம் திரும்பியது கண் தெரியாமலே தெரிந்தது. பையிலிருந்த டப்பாவை எடுத்து நீட்டினேன். மனைவி அதை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். அவள் அழுகை நின்ற வேகத்தை இன்று நினைத்தாலும் பயமாக இருக்கிறது.

நளினி மட்டும் மெதுவாக அருகே வந்து, "இப்ப என்ன உணர்றீங்க சார்?" என்று கேட்டார்.

"பொறாம" என்றேன். "டீச்சர் மேல. அவங்க கிளாஸ்ல பிள்ளைங்க சிரிக்கிறது, எம் பொண்ணு அங்க போனது, எல்லாத்து மேலயும்."

அந்தப் பேனா அன்று ஓடியது போல் என்றும் ஓடவில்லை. மொழி ஆசிரியர்களின் பொறாமை பற்றி அவர் ஓர் இயலே எழுதினார். சென்னைக்கு மட்டும் செல்வராணி டீச்சரை அழைத்துப்போனார். டீச்சர் மேடையில் சொன்னது என் தைலக் கதையை. அரங்கமே எழுந்து கைதட்டியதைப் போனில் பார்த்தேன். கண் எரிந்தது எனக்கு, கைதட்டல் அவருக்கு.

அப்பா இப்போதும் ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால், "நான் இருக்கேம்ல, மீனை அடுப்புல வைக்கச் சொல்லு" என்றுதான் ஆரம்பிக்கிறார்.

போன மாதம் ஊரிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. இப்போது கல்லூரிக்குப் போகும் அபி அதை எடுத்து முதல் எழுத்திலிருந்து அச்சகத்தின் பெயர் வரை ஒரு தடுமாற்றமும் இல்லாமல் சத்தமாகப் படித்தாள். எனக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. அவள் நிமிராமலே, "டப்பா எங்கப்பா?" என்றாள்.

சத்தியமாக இது நிஜம் என்றேன்.

"அப்படியா?" என்று பத்திரிகையை மடித்தாள். "காலையில டீச்சருக்குப் படிச்சுக் காட்டினேன்ப்பா. அவங்க முதல் வரியிலயே அழுதுட்டாங்க."