ஒன்று, எட்டு, நாற்பது, எழுபத்திரண்டு

இயேசு மரி சூசை துணை

போலாரம்,
11 ஆகஸ்ட் 2024

பாசத்துக்கும் மரியாதைக்கும் உரிய மூத்த சகோதரர் திரு. எல்வின் அவர்களுக்கு, தங்கள் ஒரே தம்பி கொர்னேலியஸ், ஸ்கூட்டர் கிரீஸ் பிடித்த கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் என் மகள் எமியும் கடையும் நலம். தாங்களும் ஆக்னஸ் அண்ணியும் அண்ணியின் தாயார் ரெஜினா அத்தையும் திருச்சியில் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். தங்கள் சர்க்கரை ஏறாமலும், தங்கள் தலையில் மிச்சமிருக்கும் முடி இறங்காமலும் இருக்கவேண்டும் என்று தனியாக ஒரு செபம் சொல்கிறேன். இத்தோடு 'தங்கள்' போதும் அண்ணா, எட்டாம் வகுப்பு பெயிலான கைக்கு அவ்வளவு மரியாதை தாங்காது. இனிமேல் நீதான்.

போனில் சொல்லலாமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் 'போலாரம் திருவிழா' என்று நான் ஆரம்பித்தாலே உனக்கு டவர் போய்விடுகிறது. காகிதத்துக்கு டவர் வேண்டாம். விஷயம் இதுதான்: வருகிற செப்டம்பர் எட்டாம் தேதி மாதா திருவிழாவுக்கு நீ வரவேண்டும். முப்பத்தாறு வருஷமாக வராதவன் வரவேண்டும். ஏன் வரவேண்டும் என்பதற்கு என்னிடம் சாட்சி இருக்கிறது. சாட்சி சோப்பு டப்பா அளவுதான், ஆனால் பொய் சொல்லாது.

போன மாதம் பெய்த மழையில் கடைப் பரண் ஒழுகியது. சாமான்களை இறக்கியபோது ஒரு பிஸ்கட் டின் அகப்பட்டது, உள்ளே கேசட்டுகள், ஒன்றின் மேல் உன் கோழிக் கிறுக்கலில் 'திருவிழா' என்று மட்டும் எழுதியிருந்தது. நம் கோயில் பாட்டுக்குழு பாடியதாக்கும் என்று பக்தியோடு டேப் ரிக்கார்டரில் போட்டு, எல்லோரும் கேட்கட்டும் என்று பெரிய ஸ்பீக்கரையும் சேர்த்துவிட்டேன். முதலில் 'கீய்ய்ய்' என்று ஒரு நீள விசில், பிறகு ஆயிரம் வண்டுகளைத் தகர டின்னில் போட்டுக் குலுக்கினது போல ஒரு சத்தம். டீக்கடைக்காரன் பாலைப் பொங்கவிட்டான். ஸ்கூட்டரை சர்வீசுக்கு விட்டிருந்த லக்ஷ்மிநாராயணன் சார், ரிட்டையர்டு சுபேதார், துப்பாக்கிச் சத்தத்துக்கே அசராத மனுஷர், ஓடி வந்து, "கொர்னேலி, என் வண்டிய என்னய்யா பண்ணித் தொலைச்ச?" என்று கத்தினார். நான் நிறுத்தப் போனேன், அதற்குள் மாடியிலிருந்து எமி படி தாவி இறங்கி வந்தாள். "டாடி, நக்கோ! நிறுத்தாதே! அது பாட்டு இல்ல, கம்ப்யூட்டர் புரோகிராம்!"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மாற்றலாகிப் போன மேஜர் ஒருத்தர் உனக்குக் கொடுத்துவிட்டுப் போனாரே, ரப்பர் பித்தான் வைத்த ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டர், டி.வி.யில் மாட்டி டேப்பிலிருந்து ஏற்றுவாயே, அதில் நீ எழுதிய தம்போலா, எண் கூப்பிடக் கூப்பிட டிக்கெட்டில் அடித்துக்கொண்டே போகிற ஆட்டம்! அந்தக் கம்ப்யூட்டர் செத்து இருபது வருஷம் ஆயிற்று என்றேன். "செத்தா என்ன?" என்று எமி தன் பையிலிருந்து கேம் மெஷினை எடுத்தாள். ஆபீஸ் பஸ்ஸில் மாதாப்பூர் போய்வரும் வழியெல்லாம் கையில் வைத்து விளையாடுகிற சின்ன மெஷின். அதற்குள் எமுலேட்டர் என்று ஒன்று இருக்கிறதாம். அதைத் தட்டினால் கேம் மெஷின் தன் பெயரையே மறந்துவிட்டு, பழைய ஸ்பெக்ட்ரம் மாதிரியே நடிக்க ஆரம்பித்துவிடுமாம். அவ்வளவு அச்சாக நடிக்கும் என்பதால், உன் புரோகிராமுக்கே வித்தியாசம் தெரியாதாம். நான் சிரித்தேன். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை மாறினால் பெண்ணுக்குத் தெரியாதா என்றேன். "பாரு டாடி" என்றாள்.

ஆனால் முதலில் டேப்பிலிருக்கும் சத்தத்தைப் பிடித்து லேப்டாப்பில் ஏற்றி, அங்கிருந்து கேம் மெஷினுக்கு அனுப்பவேண்டும். நான்கு நாள் முயற்சி செய்தாள். ஒருநாள் சத்தம் அதிகம், ஒருநாள் குறைவு, ஒருநாள் நடுவில் டேப் சிக்கிக்கொண்டு, பென்சிலை விட்டுச் சுற்றினோம். ஒவ்வொரு தடவையும் பாதியில் 'டேப் தப்பு' என்று இங்கிலீஷில் எழுதிக் காட்டி நின்றுவிடும். ஐந்தாம் நாள், பி.டெக். படித்த பிள்ளை தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது, ரிக்கார்டரை நான் வாங்கினேன். டேப் உரசுகிற இடத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். பக்கத்தில் ஒரு பொடி ஸ்க்ரூ. கார்புரேட்டரை டியூன் பண்ணுவது போலக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே அதை முடியளவு முடியளவாகத் திருப்பினேன். மந்தமாக இருந்த சத்தம் ஓர் இடத்தில் கத்தி தீட்டினது போலக் கூர்மையாயிற்று. "டாடி, ஹவ், அதுதான்! அங்கேயே விடு!" என்றாள். அன்றைக்கு ஏறிவிட்டது.

அண்ணா, அந்த நிமிஷத்தை எப்படி எழுதுவேன்? உள்ளங்கைத் திரையில் ஓரமெல்லாம் நீலமும் மஞ்சளுமாகக் கோடு ஓடியது. அதே கோடு! நம் வீட்டு ஷட்டர் வைத்த கறுப்பு வெள்ளை டி.வி.யில் சாம்பல் நிறமாக ஓடியது, இத்தனை நாள் கழித்துத்தான் அதற்கு வண்ணம் உண்டென்றே எனக்குத் தெரிகிறது. அந்த டி.வி., டேப், கம்ப்யூட்டர், மூன்றையும் சேர்த்துக் கட்டியிருந்த ஒயர்க் குப்பை, எல்லாம் என் கைக்குள் அடங்கி மூச்சு விடுகின்றன. கோடு நின்றது. 'தம்போலா. ஆக்கம்: எல்வின், போலாரம்' என்று எழுத்து வந்தது. நேற்றுத்தான் கரண்ட் போய் இன்றைக்குக் கண் விழித்தது போல, கொஞ்சம்கூட மூப்பில்லாமல் வந்தது. உனக்கு வழுக்கை விழுந்தது அதற்குத் தெரியாது. அப்பா போனது தெரியாது. ஊர் மாறினது, காலம் மாறினது, ஒன்றும் தெரியாது. நீ இருபத்திரண்டு வயசில் என்ன சொல்லிவிட்டுப் போனாயோ அதை அப்படியே வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறது. கோயிலில் நற்கருணை எழுந்தேற்றம் ஆகும்போது எப்படித் தலை குனிவேனோ, அப்படிக் குனிந்து நின்றேன். எமிகூட என்னைக் கேலி செய்யவில்லை. இது எவ்வளவு பெரிய அதிசயம் என்று உனக்கே தெரியும்.

இனி வருவது உனக்குப் பிடிக்காத பகுதி, தண்ணீர் குடித்துவிட்டுப் படி. எண்பத்தெட்டாம் வருஷத் திருவிழாவில், எண்களை இந்த வருஷம் கம்ப்யூட்டரே கூப்பிடும் என்று பெருமையாக மேஜை போட்டு உட்கார்ந்தாய். ஜனம் தன் டிக்கெட்டைப் பார்க்காமல் உன் டி.வி.யைப் பார்த்தது. கடைசியில் முதல் வரிசை, நடு வரிசை, ஃபுல் ஹவுஸ் மூன்றும் ஒரே டிக்கெட்டுக்கு விழுந்தது. இஸ்திரிப் பெட்டி, சுவர்க் கடிகாரம், பிரஷர் குக்கர் மூன்றையும் தூக்கிக்கொண்டு போனது யார்? ரெஜினா அத்தை. அவர் மகளைத்தான் நீ கட்டிக்கொள்ள நினைக்கிறாய் என்று ஊருக்கே தெரியும். பாட்டுக்குழு லாரன்ஸ் மாஸ்டர் மைக்கைப் பிடித்து, "வருங்கால மாமியாருக்கு மெஷினிலேயே சீதனம் எழுதி வெச்சிட்டான்யா!" என்றார். நீ ஒயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு எழுந்தாய். கல்யாணத்தைக்கூட இங்கே வைக்காமல் திருச்சியில் முடித்தாய். அதிலிருந்து நீ இந்தக் கோயில் படி ஏறவில்லை.

இப்போது கேள். எமி கேம் மெஷினில் தம்போலாவை ஓடவிட்டாள். ஒன்று, எட்டு, நாற்பது, எழுபத்திரண்டு, இருபத்தைந்து என்று வந்தது. அணைத்துவிட்டு மறுபடி ஏற்றினாள். ஒன்று, எட்டு, நாற்பது, எழுபத்திரண்டு, இருபத்தைந்து! எமி கையைத் தட்டிச் சிரித்தாள். அந்தக் கம்ப்யூட்டர் ஒவ்வொரு தடவை உயிர் வந்து எழும்பும்போதும் ஒரே வரிசையில்தான் எண் எடுக்குமாம். 'குலுக்கிவிட்டு எடு' என்று தனியாக ஒரு வரி எழுதவேண்டுமாம். பெரியப்பா அதை எழுதவில்லை என்றாள். உனக்கும் அது தெரிய வழியில்லை, ஏனென்றால் ஒரு தடவை ஏற்றினால் அணைக்காமல் ஓட்டிக்கொண்டே இருப்பாய், அணைக்காதவரைக்கும் வேறு வேறு எண் வருமாம். மறுபடி டேப் ஏற்றுகிற பொறுமை உனக்கு என்றைக்கு இருந்தது?

இதைச் சும்மா விடுவேனா? எமியை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு நேரே சைனிக்புரி, லாரன்ஸ் மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். எண்பத்திரண்டு வயசு, பல் போனாலும் குரல் போகவில்லை. "கைக்குடா, எதுக்குடா இந்தப் பழைய கதை?" என்றார். வந்த எண்களைச் சரிபார்க்க அன்றைக்கு வரிசையாக எழுதிக்கொண்டவர் அவர்தானே, அந்த நோட்டு இருக்கிறதா என்றேன். இருக்கிறது! பாட்டுப் புத்தகத்தோடு சேர்த்து, உன் குற்றப் பத்திரிகையாகப் பத்திரமாக வைத்திருக்கிறார். அவர் நோட்டைப் படிக்கப் படிக்க எமியின் கையில் அதே எண் வந்தது. பதின்மூன்று என்று அவர் சொல்ல, பதின்மூன்று. பத்தாவது எண் வந்தபோது அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சிலுவை போட்டுக்கொண்டார். "சைத்தானா, சம்மனசாடா இது?"

பிறகு எமி புரோகிராமை நிறுத்தி உள்ளே எழுதியிருப்பதைக் காட்டினாள். பதினோரு வரி. அதில் ரெஜினா அத்தை பெயரும் இல்லை, ஒளித்து வைத்த எண் பட்டியலும் இல்லை. "பாருங்க தாத்தா, பெரியப்பா ஏமாத்தல. ஒரு லைன் மறந்துட்டாங்க, அவ்வளவுதான்." மாஸ்டர் அந்தக் குட்டித் திரையை மூக்கருகே கொண்டுபோய்ப் பதினோரு வரியையும் விரலால் எண்ணினார். கண் கலங்கிவிட்டது. "அப்ப எல்வின் திருடன் இல்லடா கொர்னேலி. முட்டாள்!" என்றார். அண்ணா, முப்பத்தாறு வருஷத்துக்குப் பிறகு உனக்குக் கிடைத்த இந்தப் பதவி உயர்வுக்கு என் மனமார்ந்த வாழ்த்துகள். அதே மைக்கில், அதே மேடையில், உன்னிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்கிறார். அவருக்கு அடுத்த வருஷம் என்று ஒன்று உண்டா என்பது நிச்சயமில்லை. அந்த விட்டுப்போன வரியை எமியே போடட்டுமா என்று கேட்டேன். "அது பெரியப்பா புரோகிராம், அவங்கதான் போடணும்" என்கிறாள். கேம் மெஷினில் பித்தான்கள் குறைவு, ஒவ்வோர் எழுத்தாக அம்புக்குறியால் நகர்த்தித்தான் எழுதவேண்டும். பொறுமை கற்றுக்கொள்ள உனக்கு இதுவும் நல்லதுதான்.

ஆகையால் வா. அண்ணியோடு வா. யாரும் தப்புச் செய்யவில்லை என்று இப்போது தெளிவாயிற்று. நீயும் இல்லை, அத்தையும் இல்லை, மெஷினும் இல்லை, எல்லாம் தானாக நடந்தது. அண்ணிக்கு என் அன்பையும், அத்தைக்கு என் தோத்திரத்தையும் சொல். ஆண்டவர் உன் முழங்கால் வலியையும் கோபத்தையும் சமமாகக் குறைப்பாராக.

இப்படிக்கு,
உன் கீழ்ப்படிதலுள்ள தம்பி,
கொர்னேலியஸ்

பி.கு.: ஒட்டும் முன் எமி இந்தக் கடிதத்தைப் படிக்கச் சொன்னாள். அவளுக்குத் தமிழ் எழுத்து ஓடாது, நான்தான் வாசித்துக் காட்டினேன். எல்லாம் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "டாடி, அன்னிக்கு டிக்கெட் வித்தது யாரு?"

நான்தான் அண்ணா. உனக்கு ஞாபகம் இருக்கும். நீ அணைக்காவிட்டாலும் மின்சாரம் அணைக்குமே, அப்போதெல்லாம் மறுபடி ஏற்றிப் பார்க்கச் சொல்லி என்னை உட்காரவைத்துவிட்டு வெளியே போவாய். எந்த வாய்ப்பாடும் ஏறாத மண்டையில் அந்த எண் வரிசை ஏறிவிட்டது. டிக்கெட் கட்டு மூன்று நாள் என்னிடம்தான் இருந்தது. ஒவ்வொன்றாகப் பார்த்து, அந்த வரிசையில் எல்லா எண்ணும் சீக்கிரம் வந்து முடிகிற ஒன்றைப் பொறுக்கி, அத்தை கையில் கொடுத்தேன். 'டப்பா மெஷினைக் கட்டி அழுகிறவனுக்கு என் பெண்ணைத் தரமாட்டேன்' என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார், நீ சோறு இறங்காமல் கிடந்தாய். அந்த டப்பா ஒரு குக்கர் கொடுத்தால் மனசு மாறாதா என்று நினைத்தேன். மாறிற்று. மற்ற இரண்டு பரிசும் சேர்ந்து விழும் என்று பதினாலு வயசுக்குத் தெரியவில்லை. உன்னைத் திருடன் என்றபோது வாயைத் திறக்கப் பயம், பயம் தெளிந்தபோது நீ ரயில் ஏறிவிட்டாய்.

லாரன்ஸ் மாஸ்டரிடம் நாளைக்குப் போய்ச் சொல்லிவிடுவேன். உன்னிடம் கேட்கிற மன்னிப்பை அவர் வாபஸ் வாங்கமாட்டார், திருடன் பட்டம்தான் ஆள் மாறும். நீ என்னை அடிப்பதற்காகவாவது வா. எண்ணை நீயே கூப்பிடு. டிக்கெட் விற்கிற வேலையை எமி எடுத்துக்கொண்டாள். என்னைக் கட்டுக்குப் பக்கத்திலேயே விடக்கூடாது என்று சொல்லிவிட்டாள்.