கரடி உறையும் நாலு முழ வேட்டியும்

மதுரையில் வெயிலைத் திட்டாத மனிதர் என்று ஒரே ஒருவரைத்தான் நான் பார்த்திருக்கிறேன். வைண்டிங் அண்ணன் வெயிலை ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். வெயிலில் எதையாவது மூடி வைக்கிறவர்களைத்தான் திட்டுவார். காலையில் ஷட்டரைத் தூக்கியதிலிருந்து சாயங்காலம் இறக்கும்வரை திட்டுவார். அவருடைய கணக்கில் உலகத்தில் நடக்கிற கெட்டது அத்தனைக்கும் காரணம் ஒன்றுதான். யாரோ எதையோ மூடிவிட்டார்கள்.

அவனியாபுரத்தில் ஷேர் ஆட்டோக்கள் திரும்புகிற முக்கில் அவருடைய கடை. கருகிப்போன தண்ணீர் மோட்டாரைப் பிரித்து, பழைய செம்புக் கம்பியை உருவிப் போட்டுவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பார். அவர் பெயர் என்னவென்று அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. ரேஷன் கார்டிலும் வைண்டிங் என்றுதான் போட்டிருக்கும் என்பது என் சந்தேகம். அந்தக் கடைக்கு நேர் மேலே, மாடி வீட்டில், நானும் என் மனைவி செல்வியும் குடிபோனோம். என் தலையெழுத்து.

சாமான் இறக்கிய அன்றே மேலே வந்தார். வாங்க என்று சொல்வதற்குள் மிக்ஸியின் உறையை உருவினார். டிவிக்குச் செல்வி ஆசையாகத் தைத்திருந்த பூப்போட்ட உறையை உருவினார். பிரிட்ஜ் தலையில் கிடந்த துண்டை மடித்து என் கையில் கொடுத்தார்.

"ஏன் மாப்ள, இதெல்லாம் என்ன, முக்காடு போட்ட கல்யாணப் பொண்ணா? சூடு எந்தப் பக்கம் போகும்?"

தண்ணீர்கூடக் குடிக்காமல் இறங்கிப் போய்விட்டார். நாங்கள் இருவரும் அம்மணமான மிக்ஸியைப் பார்த்தபடி நின்றோம்.

எதைப் பார்த்தாலும் புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பது அவர் பழக்கம். டீ கிளாஸ், நிறுத்தி வைத்த பைக், அடுத்தவர் கழுத்து, எதுவும் விலக்கில்லை. ஒரு முறை அக்கினி நட்சத்திரத்தில் பக்கத்துத் தெருக் கல்யாணம். மாப்பிள்ளை கோட்டும் சூட்டும் போட்டு மேடையில் நின்றான். மொய்க்கவரோடு ஏறிய அண்ணன், கவரைக் கொடுப்பதற்குப் பதிலாக மாப்பிள்ளையின் பிடரியில் புறங்கையை வைத்தார். "கழட்டு மாப்ள. இந்தச் சூட்டுல மோட்டார் காயிலே கருகிரும்" என்றார். வீடியோகாரர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. கோட் கழன்று பெண்ணின் சித்தப்பா கைக்குப் போகிறவரை அவர் மேடையை விட்டு இறங்கவும் இல்லை. அந்தக் கல்யாண ஆல்பத்தில் முதல் பத்துப் படத்தில் ஒரு மாப்பிள்ளையும் மீதியில் வேறொரு மாப்பிள்ளையும் இருப்பதுபோல் இருக்கும்.

இதையெல்லாம் நானும் சிரித்துக்கொண்டுதான் கேட்டுக்கொண்டிருந்தேன், என் வீட்டுக்குள் அந்தப் புறங்கை நீளும்வரை.

சித்திரையில் எங்களுக்குப் பெண் பிறந்தாள். கனடாவில் இருக்கும் என் அக்கா, அத்தை சீர் என்று ஒரு உறை அனுப்பினாள். கம்பளி மாதிரி புசுபுசுவென்று, உள்ளே பஞ்சு வைத்து, ஜிப் போட்டு, தலையில் இரண்டு கரடிக் காது வைத்த உறை. குழந்தையை உள்ளே விட்டு ஜிப்பை இழுத்தால் மூக்கும் கண்ணும் மட்டும் தெரியும். அத்தை சீரைப் பிள்ளைக்குப் போடாமல் இருந்தால் எங்கள் வீட்டில் அது மூன்று தலைமுறைக்குப் பேசப்படும். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அக்கா வீடியோவில் வருவாள். "எங்கடா என் கரடி?" என்பாள். நாங்கள் ஐந்தரைக்கே கரடியைத் தயார் செய்ய ஆரம்பித்துவிடுவோம்.

பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு சட்டம் போட்டார்கள். பச்சைப் பிள்ளைக்குக் காற்றுப் படக்கூடாது. ஃபேன் போட்டால் சளி பிடிக்கும். குல்லாய் போடு, காலுறை போடு, கையுறை போடு. நாங்களும் போட்டோம். வெளியே தார் ரோடு இளகிக்கொண்டிருந்தது. பிள்ளை தூங்கவில்லை. கண்ணை மூடுவாள், கை தானாகத் தூக்கிப் போடும், திடுக்கிட்டு விழித்துக் கத்துவாள். மூன்று வாரம் இப்படி. செல்வி நின்றபடியே தூங்கப் பழகிவிட்டாள். ஒரு நாள் சோற்றில் ரசத்துக்குப் பதிலாகக் காபியை ஊற்றிக்கொண்டு, அது தெரியாமலே பாதி சாப்பிட்டாள்.

நான் குற்றவாளியை எப்போதோ கண்டுபிடித்திருந்தேன். கீழே நாள் முழுக்க மோட்டாரைப் போட்டுப் பார்க்கிற சத்தம், சுத்தியல் சத்தம், அவர் வாடிக்கையாளர்களைத் திட்டுகிற சத்தம். இந்த மனிதர் இருக்கிறவரை என் மகள் எப்படித் தூங்குவாள்? எனவே ஜன்னல் கதவுகள் அனைத்தையும் அடைத்தேன். புத்திசாலி என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

அன்று மத்தியானம் இரண்டு மணி இருக்கும். போனில் ஒரு வீடியோ பார்த்தேன். குழந்தையை இறுக்கிச் சுற்றினால் ஒரே நிமிடத்தில் தூங்கிவிடும் என்று ஒரு வெள்ளைக்காரம்மா செய்து காட்டினாள். அவள் ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அது என் கண்ணில் பட்டது, மண்டைக்குள் போகவில்லை. மகளைத் துண்டில் இறுக்கிச் சுற்றி, அதற்கு மேல் கரடிக்குள் விட்டு, ஜிப்பை இழுத்தேன். கத்தினாள். ஒரு நிமிடம் ஆகும் என்று காத்திருந்தேன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. கீழே மோட்டார்கள் அடங்கின. கொஞ்ச நேரத்தில் அவள் கத்தலும் அடங்கி, முனகலாகி, அதுவும் குறைந்தது.

"பாத்தியா, தூங்கிட்டா" என்று செல்வியிடம் சொன்னேன். என் வாழ்நாளில் நான் பெருமையாகச் சொன்ன வாக்கியங்களில் இதை நினைத்துத்தான் இன்றும் கூசுகிறேன்.

மாடிப்படியில் தடதடவென்று சத்தம். தட்டாமல் கொள்ளாமல் உள்ளே வந்தார் வைண்டிங் அண்ணன்.

"புள்ள எங்க?"

"இப்பத்தான் தூங்குச்சுண்ணே. மெதுவாப் பேசுங்க."

"தூங்கல. சவுண்டு மாறிருச்சு. அம்புட்டு நேரம் கத்துன புள்ள சட்டுனு முனங்குதே, மோட்டார் அப்படி எறங்குனா தூங்குதுன்னு விட்டுருவியா?"

"என் புள்ளையப் பத்தி எனக்குத் தெரியாதாண்ணே?"

"தெரியல. தள்ளு."

தொட்டில் கட்டிலின்மேல் குனிந்து பிடரியில் புறங்கையை வைத்தவர் அப்படியே ஜிப்பை இழுத்தார். குல்லாயை உருவினார், துண்டை உருவினார். உள்ளே என் மகள் சிவந்துபோய், முடி தலையோடு ஒட்டி, பிழிந்தால் சொட்டுகிற சட்டையோடு கிடந்தாள். கழுத்து மடிப்பெல்லாம் வேர்க்குரு. கண்ணைத் திறக்கச் சோம்பல்பட்டாள்.

"ஜன்னலத் தொறடா" என்றார். கட்டிய மனைவி முன்னால் என்னை டா போட்டார். திறந்தேன்.

"தாயி, அழுகாத. துணிய லேசா நனைச்சு ஒடம்பத் தொடச்சு விடு. ஐஸ் தண்ணி வேணாம், சாதாத் தண்ணி போதும். அப்பறம் பால் குடு."

செல்வி துடைத்தாள். அவர் ஒரு அட்டையை எடுத்து விசிறிக்கொண்டே இருந்தார். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது, கடிகாரம் பார்க்கிற நிலையில் நான் இல்லை. பிறகு குழந்தை கையை உதறி, வாயைத் திறந்து, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி வீறிட்டாள்.

"ஆங். இதுதான் சவுண்டு" என்றார். அப்புறம்தான் உட்கார்ந்தார்.

பால் குடித்து முடித்ததும், "பழைய பருத்தித் துணி எதாச்சும் இருக்கா?" என்று கேட்டார். செல்வி பீரோவைத் திறப்பதற்குள் பால்கனிக்குப் போனார். கொடியில் என் நாலு முழ வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. ஆறு வருடம் கட்டிக் கட்டி, துவைத்துத் துவைத்து, உடம்பில் இருப்பதே தெரியாத பக்குவத்துக்கு வந்திருந்த வேட்டி. ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்கு அந்த வேட்டிதான். அதை உருவி, பல்லால் ஓரத்தைக் கடித்து, ஒரே இழுப்பில் நடுவே கிழித்தார்.

"அண்ணே, அது என் வேட்டி."

"இனி இல்ல."

பாதி வேட்டியை விரித்துக் குழந்தையை அதில் மல்லாக்கப் போட்டார். செல்வியிடம்தான் பேசினார். என்னை ஒரு ஆளாகவே மதிக்கவில்லை.

"இங்க பாரு தாயி. தூக்கத்துல கை தூக்கிப் போடுதுல்ல, அதுலதான் முழிச்சுக்குது. கைய மட்டும் லேசாச் சேத்து ஒரு சுத்து. நெஞ்சுக்கும் துணிக்கும் நடுவுல ரெண்டு வெரல் தாராளமாப் போகணும். இடுப்புக்குக் கீழ கட்டவே கட்டாத. கால மடக்கி விரிச்சு வைக்கத்தான் அது பாக்கும், எடம் குடு. தலைய மூடாத. மல்லாக்கவே படுக்கட்டும். இந்த வெக்கைக்கு உள்ள ஜட்டி மட்டும் போதும். கரண்ட்டு வந்தா ஃபேனைப் போடு, நேரா மூஞ்சிக்கு இல்லாம."

"உங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். ரோஷத்தில்தான் கேட்டேன்.

"மூணு பொம்பளப் புள்ள. மூணும் சித்திரை. தகரக் கூரை."

குழந்தை தூங்கினாள். கட்டில் காலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்த செல்வியும் அப்படியே தூங்கிப்போனாள். மீதிப் பாதி வேட்டியைக் கையில் பிடித்தபடி நான் நின்றேன். சொல்லுங்கள், வீட்டுக்குள் நுழைந்து, டா போட்டு, வேட்டியைக் கிழித்த ஒருவர்மேல் கோபப்பட எனக்கு உரிமை உண்டா இல்லையா? கோபப்பட முடியவில்லை. அவர் செய்தது சரியாக இருந்தது. மன்னிக்க முடியாதது அதுதான்.

சாயங்காலம் குழந்தையை டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். நன்றாகச் சோதித்துவிட்டு, "பயப்பட ஒண்ணுமில்ல. ஆனா இப்படிச் சூடேறுறது கைக்குழந்தைக்கு ஆபத்து. நல்லவேளை சீக்கிரம் பிரிச்சீங்க. யாரு பிரிச்சது?" என்றார்.

"கீழ மோட்டார் வைண்டிங் கடை அண்ணன்" என்றாள் செல்வி.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "எங்க வீட்டு இன்வெர்ட்டருக்குப் போட்டிருந்த கவரை உருவிட்டுப் போனாரே, அவரா?"

நாங்கள் திரும்பி வந்தபோது ஆறரை. அக்காவின் அழைப்பு ஏற்கெனவே மூன்று முறை வந்து நின்றிருந்தது. படியேறும்போதே நான்காவது வந்தது. வேட்டித் துணியில் இருந்த குழந்தையைப் பார்த்ததும் அக்காவின் முகம் மாறியது. "எங்கடா கரடி?" பின்னாலேயே ஏறி வந்திருந்த அண்ணன் என் கையிலிருந்து போனை வாங்கினார்.

"தாயி, ஒங்க ஊர்ல பனி. இங்க கத்திரி வெயிலு. கரடிய நீ போட்டுக்க, புள்ளைய எங்ககிட்ட விடு."

அக்கா என்னிடம் மூன்று மாதம் பேசவில்லை. அடுத்த ஆண்டு காதுகுத்துக்கு வந்தவள், ஏர்போர்ட்டிலிருந்து கனடாக் குளிர்கோட்டோடு வந்து இறங்கினாள். கடை வாசலிலேயே பிடரியில் ஒரு புறங்கை விழுந்தது. மறுபேச்சுப் பேசாமல் கழட்டினாள்.

கரடி உறையை அவர் அன்றே எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதைக் கடையில் ஆணி அடித்துத் தொங்கவிட்டு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார். "மேல் வீட்டு மாப்ள இதுக்குள்ளதான் புள்ளைய வச்சு அடைச்சாப்ள. படிச்சவரு, பத்திரிகையில எழுதுறவரு." காய்கறி வாங்கப் போனால்கூட என்னைக் கரடி வீட்டுக்காரர் என்று அடையாளம் கண்டார்கள்.

அதோடு விட்டாரா? தினமும் பதினோரு மணிக்கு மேலே வருவார். துணிக்குள் இரண்டு விரலை விட்டுப் பார்ப்பார், பிடரியில் சூடு பார்ப்பார். இறுக்கமாக இருந்தால் என்னைத் திட்டுவார். தளர்வாக இருந்து முகத்துக்கு ஏறும்போல் தெரிந்தாலும் என்னைத் திட்டுவார். நான் ஆபீசில் இருக்கிற நாளில் கீழே நின்று, நான் வந்ததும் சேர்த்துத் திட்டுவார்.

ஒரு நாள் படியிறங்கும்போது ஒருவர் என்னை வழிமறித்தார். வில்லாபுரத்துக்காரராம். "ஏங்க, ஒங்க புள்ள எப்பங்க வளரும்? எங்க மோட்டாரு அஞ்சு நாளாக் கெடக்கு. மத்தியானம் வந்தா, கம்பி வரலைங்கிறாரு. கம்பி அந்தா செவுத்தோரம் குவிஞ்சு கெடக்கு."

அப்போதுதான் நான் கவனித்தேன். மத்தியானம் பன்னிரண்டிலிருந்து மூன்று மணிவரை கீழே சத்தமே இல்லை. ஜன்னலைத் திறந்தே வைக்கச் சொன்னவர், அந்த ஜன்னல் வழியே எதுவும் வராமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். எட்டிப் பார்த்தேன். கடை வாசலில், நிழல் இல்லாத இடத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஹாரன் அடித்த ஷேர் ஆட்டோவைச் சத்தமில்லாமல், வெறும் கையாலும் கண்ணாலுமே திட்டிக்கொண்டிருந்தார்.

நான்காம் மாதம் மகள் புரள முயன்றாள். அன்று பதினோரு மணிச் சோதனைக்கு வந்தவர் துணியை முழுதாக எடுத்தார்.

"அம்புட்டுத்தான். பொரள ஆரம்பிச்ச புள்ளையச் சுத்தி வைக்கக்கூடாது. குப்புற விழுந்தா கை ஊணி எந்திரிக்க முடியாது."

"அப்ப என் வேட்டி?"

"தரை தொடைக்க ஆகும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

இப்போது நாங்கள் பசுமலைப் பக்கம் இருக்கிறோம். வாசலில் வேப்பமரம், கீழே கடை எதுவும் இல்லை, மிக்ஸிக்கு உறையும் இல்லை. வருகிற சித்திரையில் செல்விக்கு இரண்டாவது பிரசவம். போன தீபாவளிக்கு எடுத்த நாலு முழ வேட்டியை, வெளியே கட்டிக்கொண்டு போகாமல், வாரம் மூன்று முறை துவைத்துத் துவைத்துப் பழசாக்கிக்கொண்டிருக்கிறேன். பூப்போல வந்துவிட்டது. "கத்தரியால ரெண்டா வெட்டி வைக்கட்டுமா?" என்று நேற்று செல்வி கேட்டாள்.

வேண்டாம் என்றேன். அதைக் கிழிக்க அவர்தான் வரவேண்டும்.