என் பெயரில் ஒரு புகார்

அன்புள்ள சின்னவனுக்கு,

சித்தி எழுதிக்கொள்வது. நான் நலம் என்று எழுதுவது மரியாதைக்காக. நிலைமை வேறு.

நாளை மறுநாள் உன் அம்மாவுக்கு ஆபரேஷன். காது கேட்காதவளிடம் போனில் பேசிப் பயனில்லை; என் உதட்டைப் பார்த்தால்தான் அவளுக்குப் புரியும். வார்டுக்குள் யாரையும் விடுவதில்லை. மருத்துவமனையின் இணையப் பக்கத்தில் முகம் பார்த்துப் பேசலாம் என்கிறார்கள். நீ என் கம்ப்யூட்டரில் போட்டுக்கொடுத்த லினக்ஸில் அந்தப் பக்கத்தைத் திறந்தால், அக்காவின் முகத்துக்குப் பதில் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம். அதில் ‘பிளக்இன் இல்லை’ என்ற வாசகம். அது கேட்ட பிளக்இன்னை, பிரவுசருக்குப் படம் காட்ட உதவும் துணைக்கருவியாம், இறக்கிப் போட்டேன். அப்போதும் சாம்பல்தான். நீ ஒட்டிவைத்த சீட்டில் ‘எது ஓடாவிட்டாலும் பிரவுசரை மூடித் திறக்கவும்’ என்றிருக்கிறது. படித்தவன் எழுதும் யோசனையா இது? கதவை மூடித் திறந்தால் வீட்டில் இல்லாத ஆள் வந்துவிடுவாரா? ஆகவே, நேற்று லிஃப்டைச் சரிசெய்ய வந்திருந்த மெக்கானிக்கைக் கூப்பிட்டேன்.

“இது ஈஸி டீச்சரம்மா,” என்றார். நான் ஒருநாளும் டீச்சராக இருந்ததில்லை, முகம் அப்படியாம். தன் போனில் எதையோ தேடி, “டெர்மினல்னு கறுப்பா ஒண்ணு இருக்கும் பாருங்க. அதுல நான் சொல்றத அடிங்க,” என்றார். அடித்தேன். கடவுச்சொல் கேட்டது. அதை அடித்தால் ஓர் எழுத்துகூடத் திரையில் விழவில்லை.

“அழுத்தி அடிங்கம்மா, பட்டன் ஒட்டியிருக்கும்.”

அழுத்தினேன். உடனே வந்தது: ‘அனுமதிப் பட்டியலில் உங்கள் பெயர் இல்லை. இந்தச் சம்பவம் குறித்துப் புகார் அனுப்பப்படும்.’

“யார்கிட்டய்யா புகார்?”

“எனக்கென்னம்மா தெரியும்? என் பேரு ஒண்ணும் வரலியே?” என்று கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கான்வென்ட்டில் படித்த காலம் முழுவதும் என் பெயர் ஒருமுறைகூட மதர் சுப்பீரியரின் அறைக்குப் போனதில்லை. இந்த வயதில், உன் சித்தப்பாவும் இல்லாத வீட்டில், யாராவது விசாரிக்க வந்தால் என்ன சொல்வேன்? இன்று காலை வாசல் மணி அடித்தது. தலைவாரி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கைதாகத் தயாராகத்தான் கதவைத் திறந்தேன். தண்ணீர் கேன் போடுபவர். மன்னிப்பு வேறு கேட்டுத் தொலைத்தேன். அதைவிடப் பெரிய பயம், இந்தப் புகாரால் மருத்துவமனைப் பக்கத்துக்குள் என்னை விடாமல் போய்விட்டால்? சிறுவயதில் ஊசி போடும்போதுகூட அக்கா என் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் கையை நீட்டுவாள், நான் இளையவளாக இருந்தும். நீயோ போனை எடுப்பதில்லை. அதனால்தான் இந்தக் கூரியர்.

ஆண்டவன் உன்னை நல்ல புத்தியோடும் சார்ஜ் உள்ள போனோடும் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
நேற்றுவரை யாராலும் புகார் செய்யப்படாத
உன் சித்தி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குமுன், வேறு வழியில்லாமல், பிரவுசரை மூடித் திறந்தேன். அக்கா வந்துவிட்டாள். வெகுநேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நடந்ததையெல்லாம் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் நர்ஸ் ஓடிவந்தார்; அவரிடமும் புகார் வந்த கதையைச் சொன்னேன். “அந்தப் புகாரெல்லாம் கம்ப்யூட்டர செட் பண்ணிக் கொடுத்தவருக்குத்தான் போகும் மேடம்,” என்றார் அவர். ஆக, அது உன்னிடம்தான் இருக்கிறது. நான் கைதாகக் காத்திருந்தபோது நீ போனைக்கூட எடுக்கவில்லை என்பதையும் அக்காவிடம் சொன்னேன். உன் அம்மா என் உதட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டாள். இந்தச் சம்பவம் குறித்துப் புகார் அனுப்பப்பட்டுவிட்டது.