மாமனார் முதல் பந்தில் அவுட்

உண்மையை உள்ளபடி சொல்லியே தீர வேண்டும் என்ற வியாதி சிலருக்குச் சின்ன வயதிலேயே தொற்றிக்கொள்கிறது. அப்படிப்பட்டவனுக்குப் பொண்ணு கிடைப்பது கஷ்டம். எனக்குக் கிடைத்திருந்தது. நிச்சயமும் முடிந்து, கல்யாணத் தேதி குறிப்பது மட்டும்தான் பாக்கி.

அப்போது எனக்குக் கம்ப்யூட்டர் கிரிக்கெட் பைத்தியம். பட்டனைத் தட்டி ஆடுகிற கேம் இல்லை. ஆட்டக்காரர்களின் திறமையை எண்களாகக் கொடுத்துவிட்டால் மேட்சைக் கம்ப்யூட்டரே ஆடிக்கொள்ளும். (பேஸ்பாலுக்கு இப்படிக் கேம் வைத்துக்கொண்டு புள்ளிவிவரத்தைச் செதுக்குகிற கூட்டம் உலகமெங்கும் உண்டு. நான் அதன் மதுரைக் கிளை.) ஸ்கோர் நிஜம் மாதிரி இருக்க வேண்டும், அவ்வளவுதான் என் லட்சியம். வாங்கினபடியே ஓடவிட்டால் கடைசியில் இறங்குகிறவன்கூடச் செஞ்சுரி அடிப்பான். அதைப் பார்த்தால் எனக்குச் சோறு இறங்காது.

மாமனாராக வரப்போகிறவருக்குக் காளவாசலில் பெயின்ட் கடை. ஞாயிறு காலையில் பசுமலைப் பக்கம் ஒரு பொட்டலில் டென்னிஸ் பால் கிரிக்கெட். கேப்டன் அவர்தான், முதலில் இறங்குவதும் அவர்தான். நான் வீட்டுக்குப் போனால் காபிக்கு முன்னால் ஸ்கோர் வந்துவிடும். "இந்த வாரம் அம்பது மாப்ள. வெயிலு மட்டும் இல்லேன்னா நூறு."

அவர் மனதைக் குளிர வைக்க ஒரு யோசனை தோன்றியது. அவருடைய டீமை அப்படியே கேமுக்குள் இறக்கி, அவர் வீட்டில் வைக்கப்போகிற விருந்தன்று டிவியில் ஓடவிட வேண்டும். புத்தியுள்ளவன் மாமாவுக்குத் திறமையை அள்ளிப் போட்டிருப்பான். நான் விசாரணையில் இறங்கினேன். டீமின் விக்கெட் கீப்பர் ஜமால் அண்ணனை அவருடைய ஆரப்பாளையம் டயர் கடையிலேயே போய்ப் பிடித்தேன்.

"தங்கமான மனுசன்ப்பா. நேரா வர்ற பந்து மட்டும் ஆகாது" என்றார்.

"அப்புறம் எப்படிண்ணே அம்பது அடிக்கிறாரு?"

"முதல் பந்து ட்ரையலுல்ல? அவுட்டானாலும் சேத்தி இல்ல. அடுத்ததும் போச்சுன்னா அதுவும் ட்ரையலு. அண்ணன் அடிக்கிற வரைக்கும் ட்ரையலுதான்." சிரித்துவிட்டுச் சொன்னார்: "எங்க அத்தா மௌத்தாகி அடக்கம் பண்ற வரைக்கும், சொந்தக் கடையப் பூட்டிட்டு என் பக்கத்துலயே கெடந்த மனுசன். அவருக்கு ஒரு பந்து கூடப் போட்டா குடியா முழுகிடும்?"

இதில் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டேன். ட்ரையல் பந்து போட கேமில் வசதி இல்லை. நேராக வரும் பந்துக்கு மாமாவின் திறமை பூஜ்யம் என்று போட்டேன்.

விருந்தன்று ஹால் நிறைய சொந்தக்காரர்கள். டீமும் வந்திருந்தது. டிவியில் மாமா பெயர் வந்ததும் ஒரே கைதட்டல். முதல் பந்து. ஸ்டம்ப் பறந்தது.

"அது ட்ரையலு. அடுத்ததப் போடச் சொல்லுங்க மாப்ள" என்றார் மாமா.

'ஆமாம் மாமா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்? நான் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்: "கம்ப்யூட்டர்ல ட்ரையல் கிடையாது மாமா. இதுதான் நெசம். உங்க டீம்ல விசாரிச்சுத்தான் போட்டிருக்கேன்."

மாமா திரும்பி டீமைப் பார்த்தார். டீம் மொத்தமும் மின்விசிறியைப் பார்த்தது. அத்தைதான் டிவியை அணைத்து, "பாயசம் ஆறுது, எல்லாரும் வாங்க" என்று காப்பாற்றினார்.

அடுத்த ஞாயிறு, எனக்கு நிச்சயமான கவிதா போன் செய்தாள். "அப்பா பேட்டைத் தூக்கிப் பரண்ல போட்டுட்டாரு. கிரவுண்டுக்குப் போகாம கடையில போயி உக்காந்திருக்காரு."

"கல்யாணம் வேணாம்னுட்டாரா?"

"அவரு ஒண்ணும் சொல்லல. நான் சொல்றேன். எங்கப்பா பழையபடி ஆடப் போற வரைக்கும் தேதி கீதி எதுவும் கிடையாது."

கடைக்கு ஓடினேன். "கேம்ல தப்பு மாமா. சரி பண்ணிட்டேன். இப்ப நீங்க எண்பது அடிக்கிறீங்க" என்றேன். (பொய் சொல்லப் பழகாதவன் முதல் பொய்யை எவ்வளவு கேவலமாகச் சொல்வான் என்பதற்கு இதுவே சான்று.)

"உக்காருங்க மாப்ள. ஸ்டம்பு விழுற சத்தம் எனக்குக் கேக்காதா? விட்டுக்கொடுக்குறாய்ங்கன்னு இம்புட்டு வருசமா எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்கிறது அவய்ங்களுக்குத் தெரியாது. அது பாட்டுக்கு நல்லாத்தான் போச்சு. இப்ப ஊருக்கு முன்னாடி போட்டுக் காமிச்சுட்டீங்க. இனி எந்த மூஞ்சிய வச்சு நான் ட்ரையல் கேப்பேன்?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் அடித்த ஐம்பதில் ரன் எத்தனை, பிரியம் எத்தனை என்று பிரித்துப் பார்க்க நான் யார்? வாயில் வந்ததைச் சொன்னேன்: "ட்ரையல் கேக்க வேணாம் மாமா. நேரா வர்ற பந்தை நான் போடுறேன், பழகுவோம்."

கடைக்குப் பின்னால், பெயின்ட் டிரம்களுக்கு நடுவே, சாயங்காலம்தோறும் பந்து போட்டேன். வாழ்க்கையில் பந்து வீசியதில்லை. என் நேர்ப் பந்து ப்ரைமர் டப்பாவில் முட்டி, கல்லாவில் போய் விழும். "நேராப் பேசத் தெரியுது, நேராப் போடத் தெரியலையே" என்று மாமா முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான்.

ஒரு ஞாயிறு, பேட்டோடு கிரவுண்டுக்குக் கிளம்பிவிட்டார். ஜமால் அண்ணன் தயங்கித் தயங்கி, "அண்ணே, முதல் பந்து..." என்று ஆரம்பித்தார். "வேணாம்டா. ஒழுங்காப் போடச் சொல்லு." ஏழு ரன் எடுத்தார். எட்டாவதுக்கு ஓங்கும்போது ஸ்டம்ப் போனது. யாரையும் திரும்பிப் பார்க்காமல் பேட்டை உயர்த்திக்கொண்டு நடந்து வந்தார். ஜமால் அண்ணன் ஓடிவந்து கட்டிப்பிடித்தார். அந்த வாரமே தேதி குறித்தார்கள்.

என் மாமனார் வாயில் எந்த எண்ணும் வளராமல் இருந்ததில்லை. தீபாவளி வியாபாரம் வருசத்துக்கு வருசம் பெருகும், என் சம்பளமோ ஒவ்வொரு விசேஷ வீட்டிலும் ஏறும். போன மாதம் எங்கள் மகளின் காதுகுத்தில் தூரத்துச் சொந்தம் ஒருவர், அவரைச் சந்தோஷப்படுத்தவே, "கல்யாணத் தேதி குறிச்ச வாரம் முப்பது நாப்பது வெளுத்தீங்களாமே?" என்று கேட்டு வைத்தார்.

மாமாவுக்கு வந்ததே கோபம். பந்திக்கே கேட்கிற மாதிரி கத்தினார்: "எவன் சொன்னது? ஏழு! மாப்ளகிட்டக் கேளு. ஒண்ணு கூட்டிச் சொல்ல மாட்டாரு."