பக்கத்து ஊருக்குப் போன சுற்றுலா

போகாத ஊருக்கு வழி சொல்கிறவர்களை எல்லோரும் கேலி பேசுவார்கள். நான் அதைப் பாடமாகவே நடத்தியவள். மதுரைக்கு வடக்கே ஓர் அடி எடுத்து வைத்திராத வயதில், ராஜபாளையத்துப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உலகத்தைச் சுற்றிக் காட்டும் வேலை எனக்கு வாய்த்தது. (தபால் வழியில் படித்த சுற்றுலா டிப்ளமோ ஒன்று கையில் இருந்தது. அந்தத் தபால்தான் டெல்லிவரை போய் வந்தது, நான் போகவில்லை.)

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எங்கள் பள்ளியில் பிளஸ் ஒன்னுக்கு ‘பயணமும் சுற்றுலாவும்’ என்று ஒரு தொழிற்பிரிவு கேட்டு மேலிடத்துக்கு எழுதியிருந்தார்கள். அனுமதி வந்தால் எனக்கு நிரந்தர வேலை. வராவிட்டால் அந்த ஏப்ரலோடு வீட்டுக்குப் போய், அப்பாவின் கண்ணில் படாமல் நடமாட வேண்டியதுதான். இந்தப் படிப்பு நம் பிள்ளைகளுக்கு ஒத்துவருமா என்று பார்த்து எழுத ஓர் அதிகாரி வருவதாக இருந்தது. சிரிக்கவே தெரியாத மனிதர் என்று பேர் வாங்கியவர்.

வகுப்பிலேயே நாலு பெஞ்சைத் திருப்பிப் போட்டு, ஓட்டல் வரவேற்பறை என்று ஒப்பேற்றியிருக்கலாம். எனக்குத்தான் கொழுப்பு அடங்கவில்லை. பிள்ளைகளை ஸ்ரீவில்லிபுத்தூருக்கே கூட்டிப்போய், பாதிப் பேரைப் பயணிகளாகவும் மீதிப் பேரை வழிகாட்டிகளாகவும் ஆக்கி, ஆண்டாள் கோயில் வாசலில் அதிகாரியை அசத்திவிடுவதென்று திட்டம் போட்டேன். பஸ் ஏறினால் அரை மணி நேரம்தான்.

தலைமையாசிரியர் ஒன்றே ஒன்று சொன்னார். “எண்ணிக் கூட்டிட்டுப் போறீங்க, எண்ணிக் கூட்டிட்டு வாங்க. ஒரு புள்ள குறைஞ்சாலும் எம் மூஞ்சில முழிக்காதீங்கம்மா.”

பஸ்ஸை விட்டு இறங்கியதுமே முதல் அடி விழுந்தது. பூக்கூடையோடு நின்ற ஓர் அம்மா என் மாணவி செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஏட்டி, நீ வேலுத்தாயி மவதானே? இம்புட்டுத் தூரம் வந்துட்டு எங்கிட்டுப் போற? நம்ம வீட்ல இன்னைக்கு வளைகாப்பு. வா, ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போ.”

“இது கல்விச் சுற்றுலாங்க,” என்றேன்.

“இருக்கட்டும் டீச்சர், செத்த நேரந்தான். பச்சத்தண்ணிகூடக் குடுக்காம அனுப்பிட்டாகன்னு பொறவு இவ ஆத்தா ஊரெல்லாம் பேசவா?”

நான் பதில் யோசிப்பதற்குள் செல்வி தெருமுனையைத் தாண்டிவிட்டாள்.

இதை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். ராஜபாளையத்தில் பெண் எடுப்பதும், ராஜபாளையத்துக்குப் பெண் கொடுப்பதும் இந்த ஊரில் காலங்காலமாக நடப்பது. சொந்தக்காரர் இருக்கும் ஊருக்குப் போய் அவர்கள் வீட்டில் கை நனைக்காமல் திரும்பினால் அது பகையில் முடியும். எனக்கு இது நன்றாகவே தெரியும். ஆனால் டிப்ளமோ பாடத்தில் இல்லாததால் மறந்து தொலைத்தேன்.

கோர்ட்டுப் பக்கம் சைக்கிளில் வந்த ஒரு மாமா, இரண்டு பையன்களை ஒருவனை முன்னாலும் ஒருவனைப் பின்னாலும் ஏற்றிக்கொண்டு, “இந்தா வாரோம் டீச்சர்,” என்று போனார். பால்கோவா கடை வாசலில் இன்னும் சிலர் கரைந்தார்கள். இருக்கிறவர்களையாவது காப்பாற்றுவோம் என்று வழிகாட்டி முனியாண்டியைப் பேசச் சொன்னேன். அவனை ஒரு வாரமாகத் தயார் செய்திருந்தேன்.

“பயணிகளே, வலப்பக்கம் நீங்கள் காண்பது…” என்று கம்பீரமாகக் கையை நீட்டியவன், நீட்டிய கையை இறக்காமலே, “எங்க பெரியம்மா வீடு டீச்சர்,” என்றான்.

பெரியம்மா வாசலிலேயே நின்றிருந்தார். வழிகாட்டி உள்ளே போனான். வழிகாட்டி போன வழியே பயணிகளும் போனார்கள். (அந்த ஒன்றை மட்டும் நான் சரியாகக் கற்றுக்கொடுத்திருந்தேன்.) போனவர்களைக் கூப்பிட உள்ளே நுழைந்தால் எனக்கும் இலை போட்டுவிடுவார்கள், அதிகாரி வரும் நேரமோ நெருங்கிவிட்டது. கோயிலைப் பார்த்து ஏறக்குறைய ஓடினேன்.

கோபுர வாசலில் திரும்பிப் பார்த்தபோது, பின்னால் ஒரே ஒரு பையன் வந்துகொண்டிருந்தான். பெயர் தினகரன். அவன் அப்பா ரயில்வேயில் மாற்றலாகி ஜோலார்பேட்டையிலிருந்து வந்தவர். இந்தப் பக்கத்தில் அவர்களுக்கு ஒரு நாதியும் கிடையாது.

“டீச்சர், இப்ப நான் வழிகாட்டியா, பயணியா?”

“ரெண்டும் நீதான்டா.”

அப்போது அதிகாரி வந்தார். தோல் பை, வெள்ளைச் சட்டை, இறுகிய வாய்.

“பிள்ளைங்க எங்கம்மா?”

“களப்பணியில இருக்காங்க சார்.”

“எந்தக் களம்?”

தினகரன்தான் பணிவாக, “வாங்க சார், காட்டுறேன்,” என்று முன்னால் நடந்தான். அன்று நடந்த ஒரே வழிகாட்டல் அது.

பெரியம்மா வீட்டுக் கூடத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தது. பூக்கூடை அம்மா சொன்ன வளைகாப்பு அந்த வீட்டில்தான். சொந்தங்கள் ஆங்காங்கே பிடித்துக்கொண்டு போன என் பிள்ளைகள் அத்தனை பேரையும் கடைசியில் அங்கேதான் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். எண்ணிப் பார்த்தேன். ஒருவரும் குறையவில்லை. போன உயிர் வந்தது, வேலை போய்விட்டதென்று தெரிந்தது.

“ஐயா, உக்காருங்க,” என்றார் பெரியம்மா.

“நான் டூட்டில இருக்கேன்.”

“ஐயாவுக்கு எந்த ஊரு?”

“இந்தப் பக்கந்தான், சோழபுரம்.”

“சோழபுரத்துல யார் வீடு?”

அவர் சொன்னார். சொல்லியிருக்கக் கூடாது. பெரியம்மா உள்பக்கம் திரும்பி, “ஏ, நம்ம மதினி கொழுந்தனாருக்குப் பொண்ணு குடுத்த வீடு. அவியளுக்கு ஒரு இலை போடு,” என்றார். அரசாங்கம் செருப்பைக் கழற்றிவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தது.

ஆனாலும் கடமை தவறாதவர். பருப்புக்கு நெய் விழும்போதே பிள்ளைகளைப் பார்த்துக் கேட்டார். “சுற்றுலாப் பயணின்னா யாரு? சொல்லுங்க பாப்போம்.”

நான் மூன்று வரியில் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்ய வைத்திருந்த விடை. ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. எல்லா வாயிலும் வடை இருந்தது. என் வேலை அந்த மூன்று வரியில் தொங்கிக்கொண்டிருந்தது.

வாசற்படியிலிருந்து தினகரன் குரல் வந்தது. “யாருமே சாப்பிடக் கூப்பிடாத ஆளு சார்.”

அவன் குறும்பாகச் சொல்லவில்லை. காலையிலிருந்து அவன் மட்டும்தான் என்னைவிட்டு நகராமல் நின்றான் என்று நான் நிம்மதிப்பட்டிருந்தேன். ஏன் நின்றான் என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. வேலையைப் பற்றிய பயமெல்லாம் அந்த இடத்தில் எனக்குச் சுத்தமாகப் போய்விட்டது. அழுகை வந்தது.

பெரியம்மா கரண்டியை வைத்துவிட்டுப் போய் அவன் கையைப் பிடித்தார். “ஒனக்கு எந்த ஊருய்யா?”

“ஜோலார்பேட்டை.”

“அது எங்கன இருந்தா எனக்கென்ன? வந்து உக்காரு.”

அதிகாரி தன் இலையை நகர்த்தி, பக்கத்தில் அவனுக்கு இடம் விட்டார்.

சாப்பிட்ட வீட்டுக்கு அவர் துரோகம் செய்யவில்லை. செய்தது எனக்குத்தான். இந்த வட்டாரத்தில் ஊர்விட்டு ஊர் போகிறவர்கள் யாரும் பயணிகளாகப் போவதில்லை, ஆகவே இப்பிரிவு இங்கே தேவைப்படாது என்று எழுதி அனுப்பிவிட்டார். ஏப்ரலில் நான் வீட்டுக்குப் போனேன். அப்பாவின் கண்ணில் தினமும் பட்டேன். பிறகு வேறொரு பள்ளியில் சரித்திரம் நடத்தி ஓய்வும் பெற்றாகிவிட்டது.

கல்யாணமான புதிதில், வாய் சும்மா இருக்காமல், இந்தக் கதையை வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். போன வருஷம் எங்கள் மகள் கல்யாணம். விடிந்ததிலிருந்து வந்தவர்களையெல்லாம் ‘சாப்பிடுங்க, சாப்பிடுங்க’ என்று பந்திக்குத் தள்ளிக்கொண்டிருந்தவள், மத்தியானம் தாண்டி மண்டபத்துத் தூணில் சாய்ந்து நின்றேன். பெண்ணைப் பெற்றவளை ‘சாப்பிட்டியா’ என்று கேட்க அத்தனை கூட்டத்தில் ஓர் ஆள் இல்லை. தூரத்திலிருந்து என்னைப் பார்த்த வீட்டுக்காரர், பரிமாறுகிறவர்களிடம் சத்தமாகச் சொன்னார்: “ஏலே, அங்கன ஒரு டூரிஸ்ட் நிக்காக பாரு. மொத அவுகளுக்கு ஒரு இலை போடு.”

அதைக் கேட்ட சம்பந்தி வீட்டார் நான் வெளிநாடெல்லாம் போய் வந்தவள் என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.